இட்லித் தட்டில் ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை கிடைக்காது. ஆனால் 1898-க்குள் செய்த துப்பாக்கி என்றால் கூரியர்காரர் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மத்திய அரசின் சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை, பழம்பொருள். ஓஹையோவில் எங்கள் வீட்டுக்கு வந்த நீளப் பெட்டியைத் திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து என் வீட்டுக்காரர்தான் உள்ளே தூக்கி வந்தார். பிரித்துப் பார்த்தவர் சத்தம் போடவில்லை. "எந்த ஜன்னலுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

1853-ம் வருஷத்து என்ஃபீல்டு துப்பாக்கியைப் பார்த்து நேபாளத்தில் கையால் செய்த நகல் அது. காத்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனைக் கிடங்கில் தூசியும் கொழுப்புமாகக் கிடந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கி வந்தார்கள். துடைத்துத் தந்தால் ஒரு விலை, அழுக்கோடு தந்தால் குறைந்த விலை. நம்மிடம் கேட்கவா வேண்டும்?

முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷமானாலும் வெடிக்கும். மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குச்சி நாலு விரற்கடை முன்னாலேயே நின்றிருந்தால் யாரோ கெட்டித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒரு தடவை அளந்தேன். அவர் தையல்காரர் டேப்போடு வந்து திரும்ப அளந்தார். "எந்தக் கூர்க்காவாவது கெட்டித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தா?" என்றார். நல்லவேளை, காலி.

அடுத்தது கொழுப்பு. கறுப்பாக, கெட்டியாக, விரலில் ஒட்டினால் விடாத ஒன்று. யாக் கொழுப்பு என்று சேகரிப்பாளர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். என் வீட்டுக்காரரோ சீஸ் பாக்கெட்டைக் கூடப் புரட்டிப் புரட்டிப் படித்துவிட்டு வாங்குகிற சுத்த சைவம். "இது என்ன கொழுப்பு?" என்றார். 1857-ல் இதே என்ஃபீல்டின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னபோது சிப்பாய்கள் கேட்டதும் அதைத்தான். பசுவா பன்றியா என்று தெரியாமல் வடஇந்தியாவே பற்றி எரிந்தது. எங்கள் பேஸ்மென்ட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. அவர் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு இந்த யோசனை வராமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

கையால் செய்த துப்பாக்கியில் ஒரு தொல்லை உண்டு. ஒரு துளையின் திருகு அடுத்த துளைக்குப் பொருந்தாது. கழற்றும் வரிசை தவறினால் தீர்ந்தது கதை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இட்லித் தட்டு. குழிக்கு ஒரு திருகு, ஓரத்தில் எண் எழுதிய காகிதம். அந்தத் தட்டு அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பவே இல்லை. அசையாத திருகு ஒன்று இருந்தது; தினமும் ஆபீஸ் கிளம்புமுன் ஒரு கையில் காபியோடு இறங்கிப் போய் அதன் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். முரடனிடம் பேசுகிற மாதிரி பேசவும் செய்வார். அது கழன்ற அன்று அவர் ஊரில் இல்லை. செய்தியை போனில் சொன்னேன். கொஞ்சம் பொறாமைப்பட்டார் என்றுதான் தோன்றியது.

துப்பாக்கியின் பெரிய ஸ்பிரிங்கை அழுத்தி எடுக்க ஒரு சின்ன இடுக்கி இருக்கிறது. அது நழுவினால் ஸ்பிரிங் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நேரங்களில் அவர் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பார். எனக்கு ஒன்று வாங்கித் தரும் யோசனை அவருக்குப் பிறகுதான் வந்தது.

கட்டையில் ஊறிய எண்ணெயை வெளியே கொண்டுவர வெயில்தான் மருந்து. உறிஞ்சும் காகிதத்தைச் சுற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜூலை மாதக் காருக்குள் பூட்டி வைத்தால் மரம் வியர்க்கும். என் கார் நிழலில் நிற்கிறது என்று அவர் காரையே கொடுத்தார். அந்த வாரம் அவரோடு சாப்பிடப் போன சக ஊழியர் ஏறிய உடனே கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்தியச் சாப்பாடா?" என்று மரியாதையாகக் கேட்டாராம். நேபாளம் என்றிருக்கிறார் இவர்.

துருவை எடுக்கலாம், பழுப்பை எடுக்கக் கூடாது; எடுத்தால் மதிப்பு போய்விடும். பித்தளைப் பூணைப் புளி போட்டுத் தேய்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது. நூற்றைம்பது வருஷ அழுக்கு, தொடக்கூடாது என்றேன். "அப்போ அடுப்பு மேடையையும் நான் தொடலை" என்றார்.

ஆயுத பூஜை அன்று மயிலாடுதுறையிலிருந்து வீடியோவில் வந்த மாமியார், அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்று நான் இழுக்க, இவர் பொட்டை இட்லித் தட்டில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, அது சுடுமா?"

"சுடாது அத்தை. சுடுகிற நிலையில் இல்லை."

"பின்னே எதுக்கு இத்தனை பாடு?"

நான் பதில் தேடுவதற்குள் இவர் குனிந்து போனுக்குள் தலையை நீட்டினார். "சுடாதுன்னு ரெண்டு தடவை அளந்து பாத்துட்டுத்தாம்மா இவளுக்கு ஒத்தாசை பண்றேன்."