ஆர்ட்டிசோக் ஆராதனை

கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில் என்பது, தன்னை உலகின் ஆர்ட்டிசோக் மையம் என்று தானே அறிவித்துக்கொண்ட சிற்றூராகும். ஆர்ட்டிசோக் என்பது முட்செடியினத் தாவரமொன்றின் விரியாத மொட்டு. அதன் செதில்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து, வெண்ணெயில் தோய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சொற்பச் சதையைப் பல்லால் சுரண்டிவிட்டு, பெரும்பகுதியைக் குப்பைக்கு அனுப்புவதே அதனை உண்ணும் முறை. 1948இல், இன்னும் புகழ்பெற்றிராத மர்லின் மன்றோவுக்கு இப்பகுதியினர் ‘ஆர்ட்டிசோக் அரசி’ப் பட்டம் சூட்டினர், மகுடத்தின் எடை அந்த மொட்டிலுள்ள சதையைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆர்ட்டிசோக்கின் பெயரால் நடத்தப்படும் உணவுத் திருவிழாவுக்கு ஒரே காரில் நெருக்கியடித்து வரும் நண்பர் குழாம், நெடுநேரம் சுரண்டியும் வயிறு நிறையாமையால், மாவில் தோய்த்துப் பொரித்த வடிவமே தலைசிறந்தது என ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. அவ்வாறு பொரித்தால் எதுவுமே சுவைக்கும் என்பதை உள்ளூர் உழவரிடம் சொல்லும் துணிவு மட்டும் அவர்களுள் எவருக்கும் வருவதில்லை.