செஞ்சியார் பதில்கள்: கர்த்தருக்கும் கிடாருக்கும்

செஞ்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கிறிஸ்தவ மெட்டல் என்று ஒன்று இருக்கிறதாமே செஞ்சியாரே? சாமி பாட்டுக்கு எதற்கு இவ்வளவு சத்தம்?

மேல்மலையனூர் அமாவாசைக்குப் பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா தம்பி இது? பக்தி என்றைக்கு மெல்லப் பேசியது! எண்பதுகளிலேயே அமெரிக்காவின் ஸ்ட்ரைப்பர் குழு மஞ்சள்-கறுப்புப் பட்டை உடுப்பில் மேடையேறி, கூட்டத்துக்குள் பைபிளை வீசியது. வெறுங்கையோடு வந்தவர் வேதத்தோடு திரும்பியிருக்கிறார்.

திண்டிவனம் வாசகி: பவர் மெட்டல் என்பது என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

தேசிங்கு ராஜன் கதையைக் கிடாரில் பாடினால் அதுதான். (இரண்டாவது வரி இலவசம்: செஞ்சியின் இளம் ராஜா, முரட்டுக் குதிரை, உயிர்கொடுக்கும் தோழன் மகபத்கான், 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படைக்கு முன்னே வீரமரணம். இதற்கு மேல் வேண்டியது அதிவேக டிரம்ஸும் உச்சஸ்தாயிக் குரலும் மட்டுமே.)

விழுப்புரம் வாசகர்: அதிகம் பேசப்படாத கிறிஸ்தவ பவர் மெட்டல் ஆல்பம் ஒன்றைச் சிபாரிசு செய்யுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து தியோக்ரஸி. 2003-ல் வந்த முதல் ஆல்பம். அதற்கும் குழுவின் பெயரேதான். குழு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாட்டு, மெட்டு, குரல், கிடார், பேஸ், கீபோர்டு எல்லாம் மாட் ஸ்மித் என்ற ஒரே ஆள். டிரம்ஸ் அடிக்க ஆளில்லை; கம்ப்யூட்டர் அடித்தது. பின்னணியில் ஒரு கோயர் நிற்பதுபோல் கேட்கிறதே, அதுவும் அவர் குரலையே அடுக்கிவைத்ததுதான். பாய்ச்சலாக ஒரு பாட்டு போகும், அடுத்தது கச்சேரி ஆலாபனைபோல் நீண்டு வளரும், நடுவே ஞாயிறு ஆராதனை வாசனை அடிக்கும். ஒரு பாட்டின் பெயர் ‘மவுண்டன்’; மூன்று மலைச் செஞ்சிக்காரர்களான நாம் அதற்காகவாவது கேட்கலாம்.

குறை? ‘இது போதுமப்பா’ என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் இல்லாததுதான். கையில் இருந்த சரக்கையெல்லாம் ஒரே பந்தியில் பரிமாறிவிட்டார். 2008-ல் வந்த ‘மிரர் ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தில் நிஜமான டிரம்மர் வந்தார், கட்டுக்கோப்பும் வந்தது. அதிலும் தலைப்புப் பாடல் 22 நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஆசை யாரை விட்டது!

கடலூர் வாசகர்: இப்படியெல்லாம் கலந்துகட்டி அடிக்க நம் ஊரில் ஆள் இல்லையா?

பெங்களூரில் ஸ்லெய்ன் என்ற கிறிஸ்தவ மெட்டல் குழு இருந்தது. ஆனால் நம் ஆள் அவர்களுக்கெல்லாம் இரண்டு நூற்றாண்டு மூத்தவர்: தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னரோடு பழகியவர். அரண்மனையில் குறவஞ்சி நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம். இவர் எழுதியது ‘பெத்லகேம் குறவஞ்சி’. பாட்டுடைத் தலைவர் இயேசு. அவர்மேல் காதலாகி உருகும் நாயகி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்ல வருகிறவள் ஞானச்சிங்கி, அவளைத் தேடி வருகிறவன் ஞானச்சிங்கன். குறத்தி கையைப் பார்த்துக் குறி சொல்வதை ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் உட்காரவைக்க எவ்வளவு நெஞ்சுத்துணிவு வேண்டும்! போதாததற்குப் பூகோளம், ஐரோப்பியர் புதிதாய்க் கொண்டுவந்த வானசாஸ்திரம் எல்லாமும் உள்ளே உண்டு. பக்திப் பாட்டு கேட்க உட்கார்ந்தால் நடுவில் பள்ளிக்கூட மணி அடிக்கும். இதுவும் சமச்சீரான படைப்பு இல்லைதான்.

ஆனாலும் மாட் ஸ்மித்துக்குக் கிடைக்காத வசதி சாஸ்திரியாருக்குக் கிடைத்தது. மலைவளமும் நாட்டுவளமும் அடுக்குவது குறத்தியின் பிழைப்பு. அவள் வாயில் உலகப்படத்தையே வைத்தாலும் உறுத்தாது. ஒவ்வொரு சரக்குக்கும் அதைச் சுமக்க ஒரு பாத்திரம் இருந்தது. ஆல்பத்தில் எல்லாச் சுமையும் ஒரே தொண்டையில்.

மீண்டும் செஞ்சி, வேறொரு வாசகர்: கலப்படம் கலப்படம்தானே ஐயா? இதற்கு ஏன் இத்தனை வக்காலத்து?

தலையைத் தூக்கி நம் கோட்டையைப் பாருங்கள். அடுக்கடுக்காய் எழும் கல்யாண மகால், சற்றுத் தள்ளி வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி. நாயக்கர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவரெல்லாம் கைவைத்த இடம். 2025-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். 1597-ல் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்று எழுதிவைத்தார். கலப்படம் என்று முகம் சுளிக்கவில்லை.

மரக்காணம் வாசகி: நான் கிறிஸ்தவள் இல்லை. கேட்கலாமா?

நாகூர் அனிபா பாட்டை மதம் பார்த்தா கேட்டீர்கள்?

அதே விழுப்புரம் வாசகர்: தியோக்ரஸி முதல் ஆல்பத்தில் இரண்டு பதிப்பு இருக்கிறதே, எதைக் கேட்பது?

2013 மறுபதிப்பு. மனிதர் ஒருவரை உட்காரவைத்து டிரம்ஸைப் புதிதாக வாசிக்கவைத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஹெட்போனில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம்.