செத்த பிறகு காப்பாற்றப்படும் அந்தரங்கம்

குடிமக்களின் மானத்தைக் காப்பாற்றுவதில் அமெரிக்க அரசாங்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. உங்கள் வயது என்ன, எத்தனையாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினீர்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வேலை, என்ன சம்பளம் என்று சென்சஸில் நீங்கள் சொன்னதையெல்லாம் 72 ஆண்டுகள் வரை வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். 1952இல் சென்சஸ் இயக்குநரும் தேசிய ஆவணக்காப்பாளரும் கடிதம் எழுதி முடிவுசெய்துகொண்ட ஏற்பாடு இது. 1978இல் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். அதனால் 1940 ஏப்ரலில் எடுத்த கணக்கு 2012 ஏப்ரல் 2ஆம் தேதிதான் திறந்தது. முதல் சில மணி நேரத்திலேயே 2.25 கோடித் தட்டல்கள் குவிந்து ஆவணக்காப்பகத்தின் இணையதளம் படுத்துவிட்டது. அவ்வளவு கூட்டமும் தாத்தா பாட்டியைத் தேடி வந்தது.

அதற்கு முன் பார்க்க வழியே இல்லையா என்றால், உண்டு. படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். 65 டாலர் கட்ட வேண்டும். நேரடி ரத்த உறவு அல்லது வாரிசு என்று காட்ட வேண்டும். கூடவே இறப்புச் சான்றிதழ். தாத்தா செத்துப்போனதை நீங்கள் நிரூபித்தால், அவர் உயிரோடு இருந்ததை அரசாங்கம் நிரூபிக்கும். அதுவும் அவருடைய வரி மட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் கண்ணில் பட்டுவிட்டால் குடியரசு என்ன ஆகும்!

இந்தக் கறாரைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே 1940 கணக்கெடுப்புக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு பிரகடனம் வெளியிட்டார். விவரம் சொல்வதால் யாருக்கும் எந்தத் தீங்கும் வராது என்று நாட்டுக்கே வாக்குக் கொடுத்தார். சுமார் 1,20,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் படியேறினார்கள். சம்பளத்தைக் கேட்பது அந்தரங்கத்தில் கைவைப்பது என்று நியூஹாம்ப்ஷயர் செனட்டர் சார்லஸ் டோபி கொதித்தெழுந்தார். அரசாங்கம் இறங்கிவந்தது. சம்பளத்தை வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் தனிச்சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டி அனுப்பலாம் என்றது. சம்பளத்துக்கு உறை கிடைத்தது. ‘இனம்’ என்ற கட்டத்துக்கு உறை வேண்டும் என்று கேட்க எந்த செனட்டருக்கும் தோன்றவில்லை.

1941 டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. டிசம்பர் 9ஆம் தேதி, அமெரிக்காவில் ஜப்பானியர் எங்கெங்கே எத்தனை பேர் என்ற அறிக்கை சென்சஸ் அலுவலகத்திலிருந்து தயாராக வந்துவிட்டது. இரண்டே நாள்! அரசு அலுவலகம் ஆமை வேகம் என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. அடுத்த பிப்ரவரியில் அலுவலகத்தின் புள்ளியியல் வல்லுநர் ஒருவரையே மேற்குக் கடற்கரைப் படைத் தலைமைக்கு இரவல் கொடுத்தார்கள். எந்தத் தெருக்கட்டத்தில் எத்தனை ஜப்பானிய வம்சாவளியினர் என்ற அட்டவணைகள் படையின் மேசைக்குப் போயின. பெயர் கொடுக்கவில்லையே, எண்ணிக்கைதானே கொடுத்தோம் என்பது அவர்களுடைய சமாதானம். தெருவைக் காட்டினால் போதாதா? கதவைத் தட்டுவது எப்படி என்று ராணுவத்துக்குத் தெரியாதா?

அந்த மார்ச்சில் வந்த இரண்டாம் போர் அதிகாரச் சட்டம் அந்தக் கூச்சத்தையும் தீர்த்துவைத்தது. ரகசியக் காப்பு விதி ரத்து. சுமார் 1,20,000 பேர் கையில் தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். கணக்கெடுக்க வந்தவர்களும் ஏறக்குறைய 1,20,000. முகாமுக்குப் போனவர்களும் ஏறக்குறைய 1,20,000. புள்ளிவிவரத் துறைக்கே உரிய பொருத்தம்.

1943 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனில் வசிக்கும் ஜப்பானிய வம்சாவளியினரின் பெயர் முகவரிப் பட்டியலைக் கருவூலத் துறை கேட்டது. ஏழு நாளில் வந்து சேர்ந்தது. 65 டாலர் இல்லை, ரத்த உறவுக்கு அத்தாட்சி இல்லை. இறப்புச் சான்றிதழும் தேவைப்படவில்லை. அவர்கள் உயிரோடு இருந்தார்கள், அதுதான் வசதி.

பிறகு பல பத்தாண்டுகள், பெயர்களை யாருக்கும் கொடுத்ததே இல்லை என்று சாதித்தார்கள். 2000இல் அப்போதைய இயக்குநர் தெருவாரி அட்டவணைக்காக மன்னிப்புக் கேட்டார். 2007இல் மார்கோ ஆண்டர்சன், வில்லியம் செல்ட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் பெயர்ப் பட்டியல் கைமாறிய காகிதத்தையே தேடி எடுத்து மேசைமேல் போட்டார்கள். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

சரி, பட்ட பிறகாவது புத்தி வந்ததா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அரபு வம்சாவளியினர் எந்த அஞ்சல் எண் பகுதியில் எத்தனை பேர் என்று உள்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரிகள் கேட்டார்கள். வகைப்படுத்தி எடுத்துக் கொடுத்தார்கள். 2004இல் விஷயம் வெளியே வந்தபோது சொன்ன சமாதானமும் பழையதுதான்: எல்லாம் பொதுவில் இருக்கிற புள்ளிவிவரம்தானே!

சென்சஸ் ஏடுகளைச் சீக்கிரம் திறந்தால் மக்கள் பயந்து உண்மை சொல்லமாட்டார்கள் என்று இவர்கள்தான் நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். மக்களைப் பயமுறுத்தியது யார்? கொள்ளுப்பாட்டியின் கன்னிப் பெயரைத் தேடுகிற பேத்தியா?

அந்தரங்கம் என்பது பொய்க் கவலை என்று சொல்லவில்லை. 1940இல் தொட்டிலில் கிடந்தவர்கள் பலர் 2012இல் உயிரோடு இருந்தார்கள். தகப்பன் பெயர் இல்லாத குழந்தை, சிறையில் இருந்த அண்ணன், மனநல விடுதியில் இருந்த அத்தை என்று ஏட்டில் எல்லாம் இருக்கும். அதற்கு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தின் 1911 கணக்கெடுப்பு நூறாண்டுப் பூட்டில் இருந்தது. தகவல் ஆணையர் தீர்ப்புச் சொன்ன பிறகு 2009 ஜனவரியிலேயே, மூன்றாண்டு முன்னதாகத் திறந்தார்கள். உடல், மனக் குறைகளைப் பதிந்த பத்தியை மட்டும் 2012 வரை மறைத்துவைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. நோகிற இடத்தை மூடு, மற்றதைத் திற, இவ்வளவுதான் வித்தை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிற தமிழர் 1983 ஜூலையை மறந்துவிட்டவராக இருக்க வேண்டும். கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் இருந்தது வாக்காளர் பட்டியல். இந்தியாவில் 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் விவரத்தைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. எத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்ற பேச்சே அதில் கிடையாது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்போகிறார்கள், கைபேசிச் செயலி வழியாக. பழைய நாளில் பட்டியல் எடுக்க ஏழு நாளாவது பிடித்தது.

அதனால் பூட்டைத் திருப்பிப் போடுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது, அதிலும் அரசாங்கம் யாரைக் கண்டாவது மிரண்டுபோயிருக்கும்போது, இரட்டைப் பூட்டு. ஆள் போய்ச் சேர்ந்த பிறகு பேரன் பேத்திக்குத் திறந்த கதவு. இன்னொரு துறைக்குப் பட்டியல் கொடுத்த அதிகாரிக்குச் சிறை. போர்க்காலம், நெருக்கடிக்காலம் என்ற விலக்கு எதுவும் சட்டத்தில் கூடாது. போர் வந்தால் செல்லாது என்கிற வாக்குறுதி, போர் வராதபோது யாருக்கு வேண்டும்?