நிலைக்கு மேலே சாவி

எங்கள் வீட்டுக்குத் திருட வந்தவர் நல்ல மனிதர். பூட்டை உடைக்கவில்லை, கதவைக் கீறவில்லை, ஓட்டைப் பிரிக்கவில்லை. வாசல் நிலைக்கு மேலே கைவிட்டுத் துழாவிச் சாவியை எடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் மறுபடி பூட்டி, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று இருபது வருஷமாக என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். வரவில்லை.

அது ஆடி மாதம். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி என்றால் அம்மனுக்குக் கூழ் மட்டுமல்ல, மொய் விருந்தும்தான். பங்காளி ஒருவர் வைத்த விருந்துக்குக் குடும்பத்தோடு கீரமங்கலம் போய், கறிச்சோறு சாப்பிட்டு, ஐயாயிரம் மொய் எழுதிவிட்டுத் திரும்பினோம். வந்து பார்த்தால் மிக்ஸி இல்லை, வெண்கலப் பானை இல்லை, குத்துவிளக்கு ஜோடி இல்லை, 1998-ல் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவும் இல்லை.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றாள் மனைவி.

இருந்தது. வீட்டுக்கடன் வாங்கியபோது தலையில் கட்டிய பாலிசி. அன்றிரவுதான் முதன்முறையாகப் பிரித்துப் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் கம்பெனிகள் எல்லாம் ஒரே வாசகத்தில் விற்கிற ‘பாரத் கிருஹ ரக்ஷா’. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. திருட்டுக்கும் உண்டு. ஆனால் அந்தத் தீயோ புயலோ வந்த ஏழு நாளைக்குள், அதன் காரணமாகத் திருட்டுப் போயிருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் பலா மரங்களை வேரோடு சாய்த்ததே, அப்போது வந்திருந்தால் திருடர் சரியாக வந்திருப்பார். பாலிசிதான் அப்போது பிறக்கவில்லை.

நல்லவேளையாக, பின்னால் கொள்ளைக்கென்று தனியாக ஒரு தாள் சேர்த்துப் பின் அடித்திருந்தது. பலவந்தமாக நுழைந்திருக்க வேண்டும், அதற்கு அடையாளம் தெரிய வேண்டும் என்றது அது. வக்கீல் குமாஸ்தாவான மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"சுப்ரீம் கோர்ட்டே 2004-ல சொல்லிருச்சு மச்சான். யுனைடெட் இந்தியா கேஸு. பாலிசியில அப்படி எழுதியிருந்தா, உடைச்சு வந்தாத்தான் பணம். சும்மா வந்து எடுத்துட்டுப் போனா அது வெறும் திருட்டு."

வெறும் திருட்டு! கம்பெனிக்குப் பிடித்த திருடன் முரடனாக இருக்க வேண்டும். நமக்கு வாய்த்ததோ சாது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷத்தில் இந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும்? சுத்தியலை எடுத்தேன். திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தச் சாதி. முதல் அடியில் பூட்டு சிரித்தது. இரண்டாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது.

"ஏன்டா தம்பி, சாவி மேலதானே இருக்கு? எட்டலையா?"

சுத்தியலை உள்ளே வைத்தேன். தெருவே சாட்சி சொல்ல வரும்போது எந்த சர்வேயரை ஏமாற்றுவது? அப்படியே பணம் கொடுப்பதாக இருந்தாலும், பன்னிரண்டு வயது மிக்ஸிக்குத் தேய்மானம் கழித்தால் ஜார் மூடிக்குத்தான் காசு தேறும். அண்டாவுக்கு ரசீது கேட்பார்கள். மாமியாரிடம் போய்ச் சீர் அண்டாவுக்குப் பில் கேட்கிற தைரியம், திருடருக்கே வராது.

காலையில் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டேன். ஏட்டையா பார்வையிட வந்தார். பீரோவைக் குடைந்து கட்டில்மேல் எறிந்திருந்த சாமான்களுக்கு நடுவே, அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டினார்.

"மொய் நோட்டா சார்? எவ்வளவு போட்டு வச்சிருக்கீங்க?"

"மூணே கால் லட்சம்."

நோட்டை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுட்டு அண்டாவைத் தூக்கியிருக்கான்னா, இந்தப் பக்கத்து ஆளே இல்ல சார். வெளியூர்க்காரன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையான பாலிசி என் கையில் இருக்கிறது. பிரீமியம் அத்தனையும் கட்டியாகிவிட்டது, கட்டியதற்கு ஊரே அத்தாட்சி. அடுத்த ஆடியில் பந்தல் போட்டு ஆட்டை உரித்தால், என்னிடம் மொய் வாங்கியவர்கள் எல்லாம் மேலே கொஞ்சம் சேர்த்தே கொண்டுவந்து போடுவார்கள். கதவை உடைத்தானா, திறந்தானா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கறி வெந்ததா என்றுதான் கேட்பார்கள். கம்பெனிக்குப் போன் செய்யும் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது கேட்டேன்.

"வெளியூர்க்காரன்னா, சாவி இருக்கிற இடம் எப்படித் தெரிஞ்சது ஏட்டையா?"

அவர் அண்ணாந்து நிலையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்லயும் அங்கதான் சார் இருக்கு."