ஒரிஜினல் ஓனர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் எனக்கு ஒரு பஸ் அனுப்பினான். "மாமா, செம லிவரி. நம்ம ஊர் பஸ் அப்படியே இருக்கு. போட்டு ஓட்டிப் பாருங்க." போட்டுப் பார்த்தேன். அது என் பஸ்.

பஸ் முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்று ஒரு செல்போன் விளையாட்டு. 2017-இல் மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் விட்டது. அதில் ஜாவாத் தீவுச் சாலையில் நம் ஊர் பஸ்ஸை ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டலாம், எவனாவது ஒருத்தன் ராத்திரி கண்விழித்து அந்த பஸ்ஸுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தால். அந்தச் சட்டைதான் லிவரி. எவனாவது ஒருத்தன் நான்.

மூன்று வாரம் தைத்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று போட்டோ எடுத்தபோது கண்டக்டர் இறங்கி வந்து, "சார் ஆர்டிஓ ஆபீஸா?" என்று பவ்யமாகக் கேட்டார். முன் கண்ணாடிக்கு மேல் சாமி பேர். பின்னால் ஏணியோரம் கரூரில் பாடி கட்டிய பட்டறையின் பேர், ஸ்டிக்கர் ஒட்டியவர் பேர், அவருடைய செல் நம்பர் வரைக்கும் அப்படியே வரைந்தேன். நம்பரில் கடைசி நாலு எண்ணை மட்டும் அழித்தேன், நாகரிகம் கருதி. டிக்கிக் கதவுக்குக் கீழே என் பேரை எறும்பு அளவில் போட்டுக்கொண்டேன்.

அக்கா மகன் அனுப்பிய பஸ்ஸில் பட்டறை இருக்கிறது. ஸ்டிக்கர்காரர் இருக்கிறார். எறும்பைக் காணோம். எறும்பு இருந்த இடத்தில் ஏதோ ஒரு சேனலின் பேர், சிங்க முகத்தோடு. கீழே பெரிய மனசோடு ஒரு குறிப்பு: 'கிரெடிட்ஸ்: ஒரிஜினல் ஓனர்.'

இந்த ஒரிஜினல் ஓனரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு சொத்து மனுஷனுக்கு! மீன் குழம்புக் குறிப்பு அவருடையது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ அவருடையது. 'நன்றி: இணையம்' அவருடைய தம்பியாக இருக்க வேண்டும். 'படித்ததில் பிடித்தது' சித்தப்பா.

இதற்கு மிகச் சுலபமான ஒரு வழி இருக்கிறது: செய்தவர் பேரைப் போடுவது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எவர்சில்வர்.

நாம் ஒன்றும் பேர் போடத் தெரியாத ஜனங்கள் இல்லை. பாத்திரக் கடையில் ஒரு டம்ளர் எடுத்தால் பில் போடுவதற்கு முன்பே கேட்பார்கள், "பேர் வெட்டணுமா?" வெட்டாத டம்ளரை என் அம்மா வீட்டுக்குள் சேர்த்ததே இல்லை. கடைப் பையன் அந்த மெஷினை 'ட்ர்ர்ர்' என்று ஓட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று எழுத்துப் பிழை பார்ப்பாள். சொம்பு என்றால் முழுப் பேர். தட்டு என்றால் பேரும் தேதியும். குடம் என்றால் பேர், ஊர், தேதி, யார் வீட்டுக் காதுகுத்து என்பது உட்பட. ஸ்பூன் காம்பில் இடமில்லை, இனிஷியல் மட்டும். ஜல்லிக்கரண்டியில்கூட ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் சந்து பார்த்து வெட்டி வாங்கியிருக்கிறாள். வடை எடுக்கும்போது எண்ணெய்க்குள் எங்கள் குடும்பப் பேர் முங்கி முங்கி எழும். தெருக் கல்யாணம் ஒன்றுக்குப் போன எங்கள் அண்டா ஒன்று திரும்பவில்லை. பதினோரு வருஷம் கழித்து வேறொரு ஊரில், வேறொருவர் வீட்டுச் சடங்கில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா பாயச அண்டாவைச் சாய்த்து விளிம்பில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாயசத்தை வாளிகளுக்கு மாற்றச் சொல்லி, அண்டாவை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதற்கும் லக்கேஜ் டிக்கெட்.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்த பையன்கள், விளையாட்டுக்கு வெளியாள் தைத்துச் சேர்க்கும் மோட் ஃபைலைப் பிரித்ததும் முதல் வேலையாக உள்ளே இருக்கும், செய்தவர் பேர் சொல்லும் ரீட்மீயைத் தூக்கிப் போடுகிறார்கள். மோட் செய்கிறவர்களும் சும்மா இல்லை. ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, பாஸ்வேர்டை வீடியோவின் ஏழாவது நிமிஷத்தில் ஒளித்துவைக்கிறார்கள். மறுநாளே 'நோ பாஸ்வேர்டு' என்று வேறொரு சேனலில் வந்துவிடுகிறது.

பேர் போட்டால் காசா வரப்போகிறது? வராது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஸ்கைரிம் விளையாட்டின் மோட்களை விலைக்கு விற்க வழி செய்தார்கள். எழுந்த கூச்சலில் ஒரு வாரம் தாங்காமல் கடையைக் கட்டினார்கள். சரி, காசு வேண்டாம். பேருமா வேண்டாம்? கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கே 1999-இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்குச் செய்த மோட்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் அதில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு லீ என்றால் புரூஸ் லீ மட்டும்தான். நல்லவேளை, ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் கம்பெனி அவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. என்னைக் கரூர்ப் பட்டறைகூட எடுக்காது.

சிங்க முகச் சேனல்காரனுக்கு எழுதினேன். "கிரெடிட்ஸ் போட்டிருக்கேனே ப்ரோ, பாக்கலையா?" என்றான்.

"அந்த ஒரிஜினல் ஓனர் நான்தான்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க ப்ரோ."

ஆதாரத்தை முகத்தில் எறிகிறேன் என்று என் பழைய ஃபோல்டரைத் திறந்தேன். நானே எழுதிய ரீட்மீ அதில் இருந்தது. 'பஸ் மாடல்: இந்தோனேசிய நண்பர் ஒருவர். நன்றி.' நண்பராம். சட்டை என்னுடையது, உடம்பு அவருடையது. அவர் ஃபைலில் அவர் பேர் முழுசாக, மூன்று சொல்லில் இருந்தது. என் ரீட்மீயை டைப் அடித்தபோது ராத்திரி ஒன்றரை மணி. அது வேறு விஷயம்.

அக்கா மகனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "நீங்களா பண்ணீங்க மாமா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினான். நம்பவில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது காபி வந்தது. சொல்ல வேறொன்றும் இல்லாமல் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'மூ.வே. 12.6.87.' எங்கள் வீட்டில் மூவன்னா யாரும் கிடையாது. அவள் பிறந்த வீட்டிலும் கிடையாது.

"இது யாரோடது?"

"ரொம்ப நாளா நம்ம வீட்லதான் இருக்கு. ஆறிடும், குடிங்க."