இலவசம்னா இலவசம்தானுங்களே!

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் டிவி பெட்டி இலவசம். அதில் படம் தெரிவதற்குத்தான் காசு.

2006 தேர்தலில் வாக்குக் கொடுத்து, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில் விநியோகத்தைத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கலர் டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. சோமனூர் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய லைன் வீடுகளில் அட்டைப்பெட்டி பிரிபடும் முன்பே கேபிள்காரர் ஒயரோடு வாசலில் நின்றார். கோயமுத்தூர் கிரைண்டரைச் சும்மா கொடுத்துவிட்டு, அரிசியும் உளுந்தும் இனி என் பேரன் கடையில் மாதச் சந்தா கட்டித்தான் வாங்க வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பெட்டி கொடுத்தவர் அன்றைய முதலமைச்சர். பெட்டிக்குள் ஓடிய பெரிய சேனல் அவருக்குப் பேரன் முறையானவருடையது. ஒயர் இழுத்த சுமங்கலி கேபிளும் அதே வீட்டு வியாபாரம்.

2007-ல் அந்த வீட்டுக்குள் சண்டை வந்தது. வந்த பிறகுதான், ஏழைகள் கேபிளுக்கு அதிகம் செலவழிக்கிறார்களே என்ற கவலை அரசுக்கும் வந்தது. உடனே அரசு கேபிள் டிவி கழகம் பிறந்தது. தஞ்சாவூர், திருநெல்வேலி, வேலூரோடு கோவைக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை ஒதுக்கினார்கள். 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. கண்கள் பனித்தன, இதயம் இனித்தது, அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011-ல் ஜெயலலிதா வந்து அதைத் தட்டி எழுப்பி மாதம் 70 ரூபாய் என்றார். ஏழையின் மீது இருந்த பாசம் எவ்வளவு, எதிராளியின் வருமானத்தின் மீது இருந்த பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்கு யோக்கியதை இல்லை. பொதுமக்களின் கேபிள் ஒயர் ஒரு குடும்பச் சண்டையில் பிறந்து, அது சமாதானமானதும் செத்து, அடுத்த ஆட்சியில் பிழைத்தது. இதுதான் இங்கே தகவல் தொடர்புக் கொள்கை.

பிறகு டெல்லி வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல், பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டணச் சேனலைக்கூடத் தேர்ந்தெடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அப்போது மாதம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. எதற்கு? நூறு சேனலுக்கு. எந்த நூறு? கட்டணமில்லாத நூறு. அதில் கட்டாயமாகத் தலையில் கட்டப்பட்ட தூர்தர்ஷன் சேனல்கள் வேறு. இலவசச் சேனலைப் பார்க்க மாதக் கட்டணம் என்ற கண்டுபிடிப்புக்கு நோபல் குழு இன்னும் பிரிவு தொடங்கவில்லை.

அதன் மேல்தான் அன்றைக்குச் சன் டிவிக்கு 19 ரூபாய், மற்றதுக்கு மற்ற ரூபாய். தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. ‘பேக்’ எடுத்தால் நாம் ஆயுளில் பார்க்கப்போகாத கார்ட்டூன் சேனலும் சமையல் சேனலும் கூடவே வரும். காசு கட்டிய சேனலில் விளம்பரமாவது குறைந்ததா? மணிக்கு 12 நிமிஷம்தான் விளம்பரம் என்று விதி இருக்கிறது. 2013-ல் அதை எதிர்த்து சேனல்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்து வருஷத்தைத் தாண்டியும் வழக்கு இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் சீரியல் மருமகள்களுக்கே மருமகள் வந்துவிட்டாள்.

இந்தக் கூத்தில் நானும் ஒரு நாள் டிடிஎச் ரீசார்ஜை நிறுத்தினேன். கம்பெனி பெயர் வேண்டாம். மறுநாள் போன் வந்தது.

“சார், ரீசார்ஜ் முடிஞ்சிருச்சுங்க சார்.”

“தெரியுமுங்க. வேண்டாமுங்க.”

“சார், பாதி விலையில ஒரு பேக் இருக்குங்க சார்.”

“வேண்டாமுங்க.”

“அப்ப ஒரு மாசம் ஃப்ரீயாவே தர்றோமுங்க சார்.”

போனில் பேசிய பெண்ணின் மீது கோபமில்லை. அவளுக்கு எழுதிக்கொடுத்ததை வாசிக்கிறாள். எழுதிக்கொடுத்தவனைத்தான் நேரில் பார்க்க ஆசை. பாதி விலைக்கும் சும்மாவும் கொடுக்க முடிகிற சரக்குக்கு இத்தனை வருஷம் ஒழுங்காக முழு விலை கட்டியவன் யாரப்பா, முட்டாளா? விசுவாசமாக இருப்பவனுக்கு முழு விலை, போகிறேன் என்பவனுக்குச் சலுகை!

அதைவிடப் பெரிய வேடிக்கை ரெக்கார்டிங். அந்தப் பெட்டியில் நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் வசதி உண்டு. அதற்காகவே கூடுதல் விலை. சந்தா நின்றதும் பதிந்ததெல்லாம் பூட்டிக்கொண்டது. பெயர்ப் பட்டியல் மட்டும் வரிசையாகத் தெரிகிறது. தட்டினால், ரீசார்ஜ் செய்யவும். என் காசில் வாங்கிய பெட்டி, என் வீட்டுக் கரண்ட், நான் பட்டன் அழுத்திப் பிடித்த படம். விசிஆர் காலத்தில் கல்யாணக் கேசட்டின் மேல் ‘ஒலியும் ஒளியும்’ பதிந்து அடி வாங்கியவர்கள் ஊரில் உண்டு. ஆனால் பதிந்த பாட்டைப் பார்க்க மாதாமாதம் யாருக்கும் கப்பம் கட்டியதில்லை.

சரி, டிடி ஃப்ரீ டிஷ் என்று முடிவானது. 2004 டிசம்பரில் தொடங்கிய அரசு சேவை. ஒரு முறை பெட்டி வாங்கினால் போதும். மாதச் சந்தா என்ற பேச்சே கிடையாது. டிஷ்காரர் மொட்டை மாடியில் ஏறி, பழைய டிஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தி, தென்கிழக்கே வானத்தை அண்ணாந்து பார்த்தபடி மெல்லத் தள்ளினார். கீழே சிக்னல் குவாலிட்டி கோடு சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறியது. முன்பு இதே மாடிகளில் கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆன்டெனாக் குழாயைத் திருகிக்கொண்டு, தெரியுதா தெரியுதா என்று கத்துவோம். 1987-ல் வந்த அந்த டவர் காலத்தில் காற்றில் வந்த படத்துக்கு யாரும் பில் போடவில்லை.

இப்போது டிஷ் பார்ப்பது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15. இஸ்ரோவுடையது, 2015 நவம்பரில் ஏவப்பட்டது, நம் வரிப்பணம். அதே செயற்கைக்கோளில்தான் சன் டைரக்டும் ஓடுகிறது. வானத்தில் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. தரையில் ஒன்றுக்குச் சந்தா, ஒன்றுக்கு இல்லை.

“என்னென்னங்க வரும்?” என்றேன்.

“படம் வருமுங்ணா, பாட்டு வருமுங்ணா, சீரியல், நியூஸ், எல்லாமே வருமுங். என்ன, பூராம் இந்திதானுங்.”

பெரும்பாலும் பொய்யில்லை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனலுக்கான இடத்தை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. கோடிகளைக் கொட்டி அடித்துப் பிடித்து வாங்குவது பெரும்பாலும் இந்திச் சேனல்கள். ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல் என்று பெரிய கம்பெனிகள் வடக்கே இருப்பவர்களுக்கென்றே இலவசச் சேனல் நடத்தின. 2019-ல் இறங்கி, 2020-ல் ஏறி, 2022-ல் மறுபடி இறங்கி விளையாடின. அதே ஸ்டாருக்குத் தமிழில் விஜய் டிவி இருக்கிறது. அது ஃப்ரீ டிஷ்ஷில் இல்லை. சன் டிவி இல்லை, கேடிவி இல்லை. கான்பூர்க்காரன் சும்மா பார்ப்பான், காங்கேயத்துக்காரன் காசு கட்டுவான். ஏனென்றால் காங்கேயத்துக்காரன் காசு கட்டிப் பழகிவிட்டான். இந்தித் திணிப்பு என்று மேடையில் முழங்குகிறவர்கள் வீட்டுச் சேனல்கள், இந்தி நிரம்பிய அந்த இலவசப் பெட்டிக்குள் ஒரு தமிழ் மூலையாவது பிடிக்கலாமே? சந்தா போய்விடும். மொழிக்காக உயிரைத் தரலாம். 19 ரூபாயைத் தர முடியுமா?

நமக்கென்று மிஞ்சுவது பொதிகை. 2024 ஜனவரியில் அதை டிடி தமிழ் என்று பெயர் மாற்றினார்கள். திட்டிக்கொண்டேதான் பார்க்கத் தொடங்கினேன். திருவையாறு ஆராதனை நேரலை வந்தது. பெட்டியின் பின்னால் பென் டிரைவைச் செருகிச் சிவப்புப் பட்டனை அழுத்தினால் பதிகிறது. பூட்டு இல்லை, காலாவதி இல்லை. 4 ஜிபி தாண்டியதும் கோப்பு இரண்டாக உடைந்து, பஞ்சரத்ன கீர்த்தனை பாதிச் சரணத்தில் நின்று அடுத்த கோப்பில் தொடர்ந்தது. போகட்டும். அந்தப் பென் டிரைவை நாளைக்குப் பொள்ளாச்சியில் ஒறம்பரை வீட்டு டிவியில் செருகினாலும் பாடும்.

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு அது. 2007-ல், முக்கியமான மேட்ச்சுகளைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று சட்டம் வந்தது. 2017-ல் அதே நீதிமன்றம், அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான்; கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் வருகிற தூர்தர்ஷனுக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. தரைவழி டவர்களை 2022-க்குள் தூர்தர்ஷனே அநேகமாக மூடிவிட்டது. ஆகவே இந்தியா ஆடும் மேட்ச் அன்றைக்கு, காசு கட்டாதவன் வீட்டு தூர்தர்ஷனில் மேட்ச் ஓடும். காசு கட்டியவன் வீட்டில் அதே தூர்தர்ஷனில் வேறு ஏதோ ஓடும்.

பக்கத்து வீட்டுக்காரர் மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறவர். மேட்ச் அன்று எங்கள் ஜன்னல் வழியே சத்தம் கேட்டு வந்து நின்றார்.

“ஏனுங், உங்க ஓசி டிவில தெரியுது. என்ற டிவில அதே சேனலப் போட்டா வேற என்னமோ ஓடுதுங்களே?”

“நீங்க காசு கட்டறீங்கல்லங்க, அதனாலதானுங்.”

“வெளையாடறீங்களா?” என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.