வாடகைப் படகு வாகனமா, வீடா?

ஓரிடத்தில் ஏற்றி வேறோரிடத்தில் இறக்குவது எதுவோ அதுவே வாகனம். மாட்டு வண்டி முதல் விமானம் வரை இவ்விலக்கணம் பொருந்தும். முருகனின் மயிலும் பிள்ளையாரின் மூஞ்சூறும்கூட இதற்கு உட்பட்டவையே. ஏரியில் வாடகைக்கு விடும் படகு மட்டும் பொருந்தாது. எந்தத் துறையில் ஏறினோமோ அதே துறையில், பெரும்பாலும் அதே படியில், இறக்கிவிடுகிறது. அரை மணி நேரம் மிதித்த கால்வலி மெய். இடப்பெயர்ச்சியோ இயற்பியல் கணக்குப்படி சுழியம். ஆகவே வாடகைப் படகைப் போக்குவரத்தில் சேர்த்தது வகைப்பாட்டுப் பிழை. அது வீட்டு வாடகையின் ஓர் உட்பிரிவே என்று இங்கு நிறுவப்படும்.

முதற்சான்று கோடைக்கானல். அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உண்டாக்கியது. படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். கடற்கரைப் படகொன்று மலையேறி, எங்கும் போக வழியில்லாத நீரில் இறங்கிய அன்றே அதன் பயணம் முடிந்துவிட்டது. ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை ஓடுகிறது. அக்கரையில் வேலை உள்ளவர் சைக்கிளில் போய்விடுகிறார்; படகில் ஏறுபவருக்கு அக்கரையில் ஒரு வேலையும் கிடையாது. ஊட்டியிலோ ஜான் சல்லிவன் காலத்து ஏரி சுருங்கிச் சுருங்கி, அதன் ஒரு பகுதியில் பேருந்து நிலையமே வந்துவிட்டது. போக வேண்டியவர்களைப் பேருந்து கொண்டுபோயிற்று. போக வேண்டாதவர்கள் படகுக்கு மிஞ்சினார்கள்.

இதைவிட வலுவான சான்று ஆலப்புழையில் இருக்கிறது. கயிற்றால் தைத்துக் கட்டிய கெட்டுவள்ளம் ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைச் சுமந்து சென்றது. அன்று அது ஐயத்துக்கிடமில்லாத வாகனம். லாரி வந்து சரக்கைப் பறித்துக்கொண்டதும் வள்ளம் வாடகைக்கு இறங்கியது. இறங்கியதும் என்ன ஆயிற்று? சுவர் முளைத்தது, கட்டில் வந்தது, சமையலறை வந்தது, ஏசியும் வந்தது. ஒரு நாள் வாடகை கொடுத்தவரை நண்பகலில் ஏற்றிக்கொண்டு சில மணி நேரம் உலவிவிட்டு, மீனவர்கள் வலைவிரிக்கும் அந்திப் பொழுதில் கரையோரம் கட்டிப்போடுகிறார்கள். விடியும்வரை அசைவதில்லை. வாடகை என்ற சொல் காதில் விழுந்ததும் படகு தன் இயல்பான வீட்டுருவை அடைகிறது என்பதே இதனால் பெறப்படும். பெட்டியுடன் வந்து, சாவி வாங்கி, மீன் பொரியலுக்குக் காத்திருப்பவரைப் பயணி என்பதைவிடக் குடித்தனக்காரர் என்பதே பொருந்தும்.

அற்றேல், ராட்டினமும் ஏறிய இடத்திலேயே இறக்குகிறதே, அதுவும் வீடோ எனின், அன்று. ராட்டினத்தில் பேச முடியாது; கத்தத்தான் முடியும். படகிலோ நால்வர் முகத்தோடு முகம் பார்த்து உட்கார்கிறார்கள். எழுந்தால் படகு சாயும், ஆகவே எவரும் எழுந்து வெளியேற முடியாது. கைப்பேசியை நீரில் போட்டுவிடும் அச்சத்தில் பையிலிருந்து எடுப்பதும் குறைவு. இத்தகைய நிலையில் நாத்தனார் கல்யாணத்துச் சீர்வரிசை முதல் பையனின் கணக்கு மதிப்பெண் வரை எல்லாம் விசாரணைக்கு வரும். கூடத்துக்கு வேறென்ன இலக்கணம்?

மிதிபடகில் பெடலும் சுக்கானும் இருக்கின்றனவே எனின், அவை கைகால்களுக்குக் கொடுத்த வேலை மட்டுமே. ஒருவர் இடமாகத் திருப்ப, மற்றவர் வலமாகத் திருத்த, படகு நின்ற இடத்தில் வட்டமடிப்பதை எந்த ஏரியிலும் காணலாம். துடுப்புப் படகிலோ வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒகேனக்கல் பரிசலைக் காட்டி மறுப்போரும் உளர்: அது அருவிவரை அழைத்துச் செல்கிறது என்பர். உண்மைதான், இது சற்றுக் கடினமான தடை. ஆயினும் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வட்டமாக முடைந்த மூங்கில் கூடு அது. பரிசல்காரர் நடு ஆற்றில் அதைச் சுழற்றிக் காட்டும்போது, எங்கே போகிறோம் என்று சொல்லக்கூடிய பயணி ஒருவரும் இரார்.

கடைசியாக முன்பணம். பேருந்திலோ ரயிலிலோ ஏறும்போது திருப்பித் தரத்தக்க முன்பணம் எவரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் கேட்பார், படகுத்துறையும் கேட்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டு முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. அந்த விகிதப்படி அரை மணி நேரப் படகுக்கு மூன்று அரை மணி வாடகைவரை வாங்கலாம். துறைக்காரர்கள் இதைவிடத் தயாளமாகவே நடந்துகொள்கிறார்கள். எஞ்சி நிற்கும் சிக்கல் ஒன்றே. நேரம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் படகு எண்ணைக் கூவி அழைப்பது குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லும் முறையான அறிவிப்பு ஆகுமா, ஏரி நடுவில் காற்று எதிர்த்துத் திரும்ப முடியாதவர் கூடுதல் வாடகை கட்ட வேண்டுமா என்பதை வாடகை நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும். தீரும்வரை முன்பணம் துறையிலேயே இருக்கும்.